உலக சரித்திரமும் வரதய்யபாளையமும்

சித்தூரில் அந்தப் பள்ளிக்கூடத்துக் கமிட்டித் தலைவர் நாகையாவுக்குக் கடலை மில்லைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஆனாலும் சரித்திர வாத்தியார் வேலைக்கு வந்தவர்களைப் பரீட்சை பண்ணியது அவர்தான். யாரோ எழுதிக் கொடுத்த கேள்வியையும் பதிலையும் கையில் வைத்துக்கொண்டு, எல்லாம் தன் மண்டையிலிருந்து வருகிற மாதிரி கண்ணை மூடி மூடிக் கேட்டார். வாட்டர்லூ எங்கே இருக்கிறது என்று அவரைத் திருப்பிக் கேட்டிருந்தால், பலமனேர் சந்தைக்குப் பின்னால் என்றிருப்பார்.

என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் எல்லாவற்றுக்கும் டாண் டாணென்று பதில் சொன்னார். கான்ஸ்டான்டிநோபிள் விழுந்த வருஷம், இன்கா ராஜாவைப் பிடித்த ஸ்பெயின்காரன் பெயர், பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வெகுநாளாக வேலையில்லாத மனுஷர். இதுவும் கிடைக்காவிட்டால் என் அண்ணன் வீட்டுச் சோறுதான் கதி.

நாகையா காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். "எந்த ஊரு?"

"வரதய்யபாளையம் பக்கங்க."

அப்போது சித்தூர் ஆந்திராவில் இருந்தது, எங்கள் ஊர் மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தது. அடுத்த ஏப்ரலில் எங்கள் ஊரும் ஆந்திராவோடு சேரும் என்று முடிவாகியிருந்தது.

"ஆந்திராவுக்கு வர்றதுல சந்தோஷந்தானே?"

இதைக் கேட்பார்கள் என்று பஸ்ஸிலேயே இவரை உருப்போட வைத்திருந்தேன். "ரொம்ப சந்தோஷங்க" என்றார். பிரெஞ்சுப் புரட்சிக்கு இருந்த குரல் இதற்கு இல்லை.

நாகையா நம்பவில்லை. கதவு வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ சொல்லும்மா. நெஜமாவே சந்தோஷந்தானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த இளிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லைக் கோடு போட சொல்லோ எங்க ஊருல யாரும் வந்து கேக்கலையே. எல்லாம் முடிச்சிட்டு இப்ப இன்னா சந்தோஷம் கேட்டுக்கினு? மாட்ட கைமாத்தி வுட்டுட்டு மாட்டுகிட்ட கேக்கற மாதிரி."

அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

இவர் துண்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். பஸ் ஸ்டாண்டு வரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டீக்கடையில் எனக்கு மட்டும் ஒரு டீ சொன்னார். தனக்கு வேண்டாமாம். நாகையாவுக்கு முன்னால் வராத அழுகை அங்கே வந்து தொலைத்தது.