சோழர் காலம் மட்டும்

"நில்லும்மா! நானே கொண்டாந்து தரேன்."

ரத்தினம்மாள் போட்ட சத்தத்தில் அனுசுயாவின் கால் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் குடிக்கத்தான் வந்தாள். உள்ளே, அவளோடு எம்.ஏ. வரலாறு படிக்கும் சிந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு கண்ணும் மூக்கும் ஒழுக உட்கார்ந்திருந்தாள். பேராசிரியர் பாலசுந்தரத்திடம் ஆய்வுத் தலைப்புக்குக் கையெழுத்து வாங்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் அவர் வீட்டுக்கு வர வேண்டும். வந்த பெண்பிள்ளைகள் அவர் மனைவி ரத்தினம்மாளுக்குக் கூடமாட ஒத்தாசை செய்ய வேண்டும். அனுசுயாவுக்கு மட்டும் விலக்கு.

"ஒனக்கென்னடி, ஒன்னய ஒரு வேலையும் சொல்ல மாட்டாங்க" என்று சிந்து பொறாமைப்பட்டதுகூட உண்டு. அதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா என்று அனுசுயாவுக்குத் தெரியவில்லை.

போர்டிகோவில் அவளுக்கென்று கிடந்த நாற்காலிக்குத் திரும்பினாள். தண்ணீர் வந்தது. சொம்பில் அல்ல, கடையில் விற்கும் பாட்டிலில், மூடி திறக்காமல். என்ன மரியாதை! குடித்த பிறகு யாரும் கழுவ வேண்டிய வேலையும் இல்லை பாருங்கள்.

பேராசிரியர் கெட்டவர் என்று ஊரில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். மேடை ஏறினால் சமத்துவம் சமத்துவம் என்று தொண்டை வறளப் பேசுவார். அன்று போர்டிகோவில் உட்கார்ந்து, முதலில் கூடப் படிக்கும் ராஜராஜனின் படிவத்தை வாங்கி, 'சோழர் கால ஏரிப் பாசனம்' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ராஜராஜன் உடையார்பாளையத்தில் நஞ்சையும் முந்திரிக்காடும் உள்ள வீட்டுப் பிள்ளை. கல்வெட்டில் ஓர் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியாது. அனுசுயாவோ எம்.ஏ. சேர்ந்த பிறகு வந்த இரண்டு விடுமுறைகளிலும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு பஸ் ஏறிப் போய், கோயில் சுவரோரம் வெயிலில் நின்று எழுத்துப் படித்தவள். அதே பாசனத் தலைப்பைத்தான் அவளும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

அதை அவர் ஒரே கோட்டில் அடித்தார்.

"நீ பறையாட்டம் எடுத்துக்கம்மா. ஒங்க ஆளுங்களப் பத்தி நீ எழுதுனாத்தான் நல்லாருக்கும். ஃபீல்டு ஒர்க்குக்கும் அலைய வேணாம், வூட்டுலயே முடிஞ்சிரும்."

"எங்க வூட்டுல யாருக்கும் பறை அடிக்கத் தெரியாதுங்க சார். அப்பா சிமெண்டு லாரி ஓட்டுறாரு."

"சித்தப்பன், பெரியப்பன் யாராச்சும் இருப்பாங்கல்ல?"

எத்தனை வாஞ்சை அந்தக் குரலில்! மூன்று வருஷமாக அவள் தெருவிலிருந்து படிக்கப் போன மூன்று பேருக்கும் இதே வாஞ்சையோடு இதே தலைப்பைத்தான் கொடுத்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று அனுசுயாவுக்குத் தோன்றியது.

"சரிங்க சார். எங்க ஆளுங்களப் பத்தியே எழுதுறேன். சோழர் கல்வெட்டுலயே இருக்காங்க."

"எங்க இருக்காங்க?"

"வரி போடாத எடத்தையெல்லாம் வரிசையா வெட்டி வச்சிருக்காங்கல்ல சார். ஊர்நத்தம், கோயிலு, கொளம், பறைச்சேரி, சுடுகாடுன்னு. அப்பவே ஊரு தனி, சேரி தனி. 'ஊரும் சேரியும்'னு தலைப்பு வச்சுக்கிறேன். தள்ளி வச்சவங்க யாருன்னும் எழுதணும்ல?"

செல்போனை நோண்டிக்கொண்டிருந்த ராஜராஜன் தலையைத் தூக்கினான். பேராசிரியரின் முகம் சுண்டிப்போயிற்று. மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. உங்கள் ஆட்களைப் பற்றி எழுது என்று சொன்னதே அவர்தான். அவள் சொன்ன தலைப்பை எழுதி, அதன் பக்கத்தில் 'சோழர் காலம் மட்டும்' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

"ஆயிரம் வருசத்துக் கதைம்மா. அதோட நிறுத்திக்க. இப்பல்லாம் யாரு இதப் பாக்குறா? அதையும் முடிவுரையில ரெண்டு வரி எழுதிரு."

அனுசுயா படிவத்தை வாங்கினாள். அவர் கண்ணெதிரிலேயே 'மட்டும்' என்பதை அடித்துவிட்டு, 'முதல் இன்று வரை' என்று நிதானமாக எழுதினாள். பிறகு படிவத்தை அவர் முன்னால் வைத்துப் பேனாவை நீட்டினாள்.

"அடிச்சுத் திருத்துனா பக்கத்துல சின்னக் கையெழுத்துப் போடணும்ல சார். போடுங்க."

அவர் பேனாவை வாங்கவில்லை. அவளும் நீட்டிய கையை மடக்கவில்லை.