வலை நனையாத நாள்

மே மாதக் கடைசி. அமெரிக்காவின் மொன்டானா மலைப்பனி மொத்தமும் உருகி எங்கள் ஓடையில் இறங்கியிருந்தது. தண்ணீர் பால் ஊற்றிய காபி நிறம். ஒரு மரம் வேரோடு மிதந்து போனது.

"ஒரே ஒரு மீன், டார்லா. சாயங்காலம் வலையை மோந்து பார்ப்பேன். மீன் வாடை வந்தா இந்தக் கோடைக்கு நீ என் வழிகாட்டி. இல்லேன்னா உங்கம்மா சலவைக்கடைதான்" என்று காலையிலேயே வேர்ன் சொல்லிவிட்டார். மீன்பிடிக்க வருகிறவர்களை வழிகாட்டியோடு ஓடைக்கு அனுப்புவது அவர் தொழில். இந்த வேலைக்காகத்தான் மூன்று வருஷமாக அவருடைய படகுகளையும் வலைகளையும் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன்.

என்னிடம் வந்தவர் கிளிஃப்டன், பல் டாக்டர். மார்பு வரை ரப்பர் உடை. வந்ததும் வராததுமாகக் கரையோரத் தண்ணீரில் இறங்கி, நடு ஓடையைப் பார்த்துத் தூண்டிலை வீச ஆரம்பித்தார். மதியம் தாண்டியும் ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை.

"சார், மேல வாங்க. நீங்க நிக்கிற இடத்துலதான் மீன் இருக்கும்."

"என் காலடியிலயா? கிண்டலா பண்றே?"

"இந்த வேகத்துல நடுவுல எந்த மீனும் நிக்காது சார். எல்லாம் கரையோரமா ஒதுங்கிக் கிடக்கும். நாமதான் மிதிச்சு விரட்டிக்கிட்டிருக்கோம்."

முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். யாரும் மிதிக்காத ஒரு வளைவில், புல்லில் அவரை முட்டி போட வைத்தேன். கலங்கல் தண்ணீரிலும் கண்ணில் படுகிற மாதிரி இறகால் செய்த பெரிய கறுப்புப் பொய்ப்பூச்சியைத் தூண்டிலில் கட்டினேன்.

"என்ன, ஜெபமா பண்ணப் போறோம்?"

"நான் காலையிலேர்ந்து அதைத்தான் சார் பண்றேன்."

கரையை ஒட்டி விட்டதும் தூண்டில் கம்பு வளைந்தது. பெரிய ட்ரவுட் மீன்! நான் மீனை அள்ளும் கைவலையை நீட்டுவதற்குள் அது நீரோட்டத்துக்குப் பாய்ந்தது. "விடமாட்டேன்டி!" என்று கிளிஃப்டனும் பின்னாலேயே இறங்கிவிட்டார். ஒரே எட்டு. கால் வழுக்கி, கழுத்து வரை தண்ணீர்.

மீன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வலையைக் கரையில் வீசிவிட்டு, அவர் இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கரைக்கு இழுத்தேன். தூண்டில் நரம்பு அறுந்து மீன் போய்விட்டது.

சாயங்காலம் வேர்ன் வலையை மோந்து பார்த்தார். "சோப்பு வாடைதான் வருது. என்ன டாக்டர்?"

கிளிஃப்டன் தரையைப் பார்த்தார். "மீனே இல்லாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டா."

வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுக்கிற வழிகாட்டியை வேர்ன் வைத்துக்கொள்ளவே மாட்டார். டாக்டரின் தூண்டிலைச் சுற்றி வைக்க ஆரம்பித்தேன்.

கிளிஃப்டன் வண்டி விளிம்பில் உட்கார்ந்து ரப்பர் உடையை உருவினார். உள்ளேயிருந்து ஒரு வாளிப் பழுப்புத் தண்ணீர் வேர்னின் பூட்ஸ் மேல் கொட்டியது. வேர்ன் அதைப் பார்த்தார். பிறகு, பெல்ட் அறுத்த என் உள்ளங்கையைப் பார்த்தார். வலையை என் பக்கம் எறிந்தார்.

"நாளைக்கும் வா. நாளைக்கும் சோப்பு வாடை வந்தா சலவைக்கடைதான்."

ஓடை இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.