கடைசி ஆளின் மணி

கரட்டுப் பிரிவில் பத்மாசினி இரண்டு தடவைதான் மணி அடித்தாள். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாறை ஏறினாள். உச்சியில் காத்துக்கொண்டிருந்த அழகுபாண்டி அவளைக் கண்டதும் சிரித்தான்.

“என்னக்கா, நாலு தடவ அடிக்கிறீங்க? நாங்க என்ன செவிட்டுப் பயலுகளா?”

“ரெண்டுதான அடிச்சேன்.”

“இல்லக்கா, நாலு கேட்டுச்சு. மொத ரெண்டு, கொஞ்சம் விட்டு இன்னும் ரெண்டு.”

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். புரட்டாசி வெயிலிலும் பிடரி சில்லென்று ஆனது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அது வழக்கம். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் எல்லோருக்கும் கடைசியாக வருகிறவர் இரண்டு தடவை மணி அடிக்க வேண்டும். எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று அதற்குப் பொருள். அந்த ஏற்பாட்டைச் செய்தவர் அவள் கணவர் ஹரிராம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த மனிதர். எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்ப்பார். வில்லாபுரத்திலிருந்தும் விளாங்குடியிலிருந்தும் ஆள் சேர்த்து, கீழக்குயில்குடியைத் தாண்டி, சமணர் மலைக்கும் மேற்கே பெயரில்லாத அந்தப் பாறைக் கரட்டைச் சுற்றி சைக்கிள் பாதை கண்டுபிடித்தவரும் அவர்தான். “கொடைக்கானல் போகச் சோம்பேறித்தனப்படுற ஆளுகளுக்கு இது போதும். குளிரு மட்டும் கெடைக்காது” என்பார்.

பிரிவில் ஒரு பாதை பாறைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கும். கோடைக்கு அதுதான் சுகம், காற்று வரும். மற்றது கண்மாய்க் கரையோடு சுற்றிப் போகும். ஐப்பசியில் முதல் மழை விழுந்துவிட்டால் பாறையில் கால் வைக்கக் கூடாது. ஆறு மாதமாகக் காய்ந்து கறுப்பாகக் கிடக்கும் பாசி, ஒரு மழைக்கே உயிர் பிடித்து எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். பாறையில் அம்புக்குறி வரைய ஹரிராமுக்கு மனம் வரவில்லை. பிரிவில் ஒரு தட்டைக் கல்லை நட்டு, அதில் சுண்ணாம்பால் அம்பு போட்டார். சித்திரையில் அம்பு பாறையைப் பார்க்கும். ஐப்பசியில் கண்மாயைப் பார்க்கும். புரட்டாசிக் கடைசி ஞாயிறன்று யார் கடைசியாக வருகிறாரோ, முதல் மழைக்கு மறுநாள் அவர்தான் போய்க் கல்லைத் திருப்ப வேண்டும். எதிர்ப்பக்கமிருந்து வருகிறவர்களுக்காகப் பாறை உச்சியில் வேலிமுள்ளும் வெட்டிப் போட வேண்டும்.

போன வருடமும் அந்த ஞாயிறன்று பத்மாசினிதான் கடைசி.

போன வருடம் மழை ஒரு திங்கட்கிழமை இரவு பெய்தது. செவ்வாயன்று அவள் போகவில்லை. தீபாவளிக்கு மூன்று நாள்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் திருத்த வேண்டிய கணக்குத் தாள் ஒரு கட்டு, வீட்டில் முறுக்குக்கு அரைத்த மாவு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். புதன் விடியற்காலையில் ஹரிராம் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில், கல்லைத் திருப்பியாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றாள். இல்லை என்றால் அடுத்த ஞாயிறு முழுக்க அதை வைத்தே கேலி செய்வார். கேலிக்குப் பயந்து சொன்ன பொய். ஒன்பது மணிக்கு அவர் பாறைக்குக் கீழே கிடப்பதாகத் தகவல் வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஆட்டோ பிடித்து அங்கே போய்ப் பார்த்தாள். கல் கண்மாயைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

யார் திருப்பியது? அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்டால், நீங்கள் திருப்பவில்லையா என்று திரும்பக் கேட்பார்கள். கூட்டத்தில் ஒரே பேச்சுதான். “கல்லு தெளிவாக் காட்டுது, அண்ணன் மதிக்காமப் போயிருக்காரு. அவரு போட்ட சட்டம் அவருக்கே இல்ல பாத்தீங்களா?” அழகுபாண்டிகூட அப்படிச் சொன்னான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். செத்துப்போனவர்மேல் பழி விழுந்தது. அவள் அதை விழவிட்டாள். ஒரு வருடமாக, வீட்டில் குழாய் சொட்டினாலும் அவளுக்கு அது ஆயிற்றா, ஆயிற்றா என்றே கேட்டது.

இந்த வருடம் ஐப்பசி எட்டாம் தேதி மழை பிடித்தது. விடிந்ததும் பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தாள். புறப்படும்போது அழகுபாண்டிக்கு மட்டும் செய்தி அனுப்பினாள்.

கல் பாறையைப் பார்த்தபடி நனைந்து நின்றது. அதைப் பிடித்து அசைத்தபோது பின்னால் குரல் கேட்டது.

“அதே எடத்துலதான் அவுகளும் குத்தவச்சிருந்தாக.”

அன்னக்கொடி. ஆடு மேய்க்கிறவள். தை பிறந்தால் அறுத்த வயல்களில் எருவுக்காகக் கிடை போட ஆடுகளோடு தெற்கே போய்விட்டு, மழைக்குத்தான் ஊர் திரும்புவாள். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டிருந்தாள்.

“யாரு?” என்றாள் பத்மாசினி, தெரிந்தும்.

“ஒங்க வீட்டுக்காரருதேன். அன்னைக்கு இப்பிடித்தேன் மழ பேஞ்சு விட்டுருந்துச்சு. வந்தாக, கல்லப் பாத்தாக, பாத்துட்டு ஒரே சிரிப்பு. என்னண்ணே தனியாச் சிரிக்கிறீகன்னு கேட்டேன். ‘எங்க டீச்சரம்மா பொய் சொல்லிப்புட்டா. இத யார்ட்டயும் சொல்லிறாத, இந்தப் பயலுக அவளக் கேலி பண்ணியே கொன்னேபுடுவாய்ங்க’ன்னாக. கல்லத் திருப்பி வச்சுட்டு எங்கிட்ட அருவாள வாங்கி முள்ளு வெட்டுனாக. மேல போட்டுட்டு வாரேன்னு ஏறுனாக. நான் ஆட்ட மடக்க அந்தப் பக்கம் போயிட்டேன்.”

“இத ஏன் என்கிட்டச் சொல்லல?”

“சொல்லாதன்னுட்டுல்ல போனாக? செத்தவுக வாக்கு தாயி. நீங்களா இன்னைக்கு வந்து நிக்கவும் மனசு கேக்கல.”

பத்மாசினி ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவர் பாறையில் ஏறியது கல்லை மதிக்காமல் அல்ல, அவளுடைய வேலையை முடிக்க. அதுவும் சிரித்துக்கொண்டே. அவர் கோபமாக ஏறியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

நெடுநேரம் கழித்து எழுந்து கல்லைத் திருப்பினாள். அரிவாளை வாங்கி ஒரு கிளை வேலிமுள்ளை வெட்டினாள். அன்னக்கொடி வேண்டாம் என்று கையைப் பிடித்தும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பாறையில் உட்கார்ந்து உட்கார்ந்து, முள்ளை இழுத்தபடி ஏறினாள். உச்சியில், பாறை இடுக்கில், இன்னொரு முள் கிளை கிடந்தது. ஒரு வருட வெயிலில் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக, குறுக்காக வைக்கப்படாமல், கையிலிருந்து நழுவியதுபோல் சரிந்து. அதை நேராக்கினாள். அதன்மேல் தன்னுடையதை வைத்தாள்.

இறங்கும்போது கீழே அழகுபாண்டி நின்றான், முகம் வெளுத்து.

“கிறுக்கா புடிச்சிருக்கு ஒங்களுக்கு? விழுந்திருந்தா யாருக்கா பதில் சொல்றது?”

“அழகு, போன வருசம் நான் கல்லத் திருப்பல.”

அவன் கல்லைப் பார்த்தான்.

“திருப்பிட்டேன்னு அவர்கிட்டப் பொய் சொன்னேன். அவர்தான் திருப்பினார். முள்ளு போட ஏறித்தான் விழுந்தார். நீங்க எல்லாரும் அவர ஏசினப்ப நான் வாயத் தொறக்கல. ஞாயித்துக்கெழம எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்.”

அழகுபாண்டி ஹெல்மெட்டைக் கழற்றி, மறுபடி மாட்டினான். “அண்ணன எம்புட்டுப் பேசிட்டேன்க்கா” என்றான். பிறகு, “வாங்க, கண்மாய் வழியாப் போவோம். கீழ பாத்து வாங்க.”

அவன் முன்னால் போனான். அவள் பின்னால். கரை வளைவில் அவன் வேலிக்கருவைக்கு அப்பால் மறைந்தான். அங்கேயும் பாதை பிரியும்; மணி அடிக்க வேண்டிய இடம். அவள் கட்டைவிரலைத் தூக்கினாள், அடிக்கவில்லை. இரண்டு கைகளாலும் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

பின்னாலிருந்து மணி கேட்டது. இரண்டு தடவை.

“சரிக்கா, கேட்டுச்சு!” என்று வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து அழகுபாண்டி கத்தினான்.

பத்மாசினி திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி ஆளுக்கு வழிவிடுகிறவள்போல் சைக்கிளைச் சற்று ஓரமாக ஒதுக்கி, மெதுவாக மிதிக்கத் தொடங்கினாள்.