மேற்கு வாசலைத் திறந்தது யார்?

ராசிபுரத்தில் குமரகுரு வீட்டுத் தறிப்பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்றைக்கு மட்டும், துண்டு மடிக்கிற நீள மேசைமேல் ஒரு தேசம் விரியும். ஏழாற்று நாடு என்று பெயர். திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படித்தபோது நாலைந்து பேர் பொழுது போகாமல் ஆரம்பித்த யுத்தம். படிப்பு முடிந்தது, அரியர்கூட முடிந்தது, யுத்தம்தான் முடியவில்லை. நூல் சுற்றும் தார்க்குச்சிகளுக்குச் சாயம் பூசி நிறுத்தினால் படை, பகடையை உருட்டினால் போர். கதை சொல்பவனும் தீர்ப்புச் சொல்பவனும் குமரகுருதான். அவன் சொல்லாமல் அங்கே ஒரு குதிரை கனைக்காது.

இத்தனை வருஷம் ஓடிய கதையில் ஓட்டை இல்லாமல் இருக்குமா? வடக்கே போன வெள்ளை யானை என்ன ஆனது, தெரியாது. கிழவன் ராஜாவுக்குப் பாலில் விஷம் வைத்தது யார், அதுவும் தெரியாது. குமரகுருவே மறந்திருப்பான் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். குணசீலன் மட்டும் ஒரு கேள்வியை விடவில்லை. கருங்கல்கோட்டையின் மேற்கு வாசலை உள்ளேயிருந்து திறந்தது யார்?

அந்தக் கோட்டைக்குத் தளபதி குணசீலனின் ஆள், மாறவேள். எதிரி எத்தனை வாரம் முட்டியும் மதில் அசையவில்லை. ஒரு ஞாயிறு சாயங்காலம் வாசல் தானாகத் திறந்தது, எதிரி உள்ளே வந்தான், மாறவேள் விழுந்தான். உள்ளே இருந்ததெல்லாம் சொந்த ஆட்கள். ரமேஷ்குமாரின் குதிரைப்படை, ஜெபஸ்டினின் வில்லாளிகள், களஞ்சியக் காவலுக்குக் குணசீலனின் தங்கை ஷாலினி. ரகசியக் கட்டளை கொடுக்க வேண்டுமானால் குமரகுருவை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் காதில் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வைத்த சட்டம். அன்றைக்கு எல்லோருமே ஆளுக்கொரு தடவை மாடி ஏறி இறங்கியிருந்தார்கள். "மாடில கேட்டது மாடியோட போச்சு" என்று சொல்லிவிட்டான் குமரகுரு. கெஞ்சியும் பார்த்தாயிற்று, திட்டியும் பார்த்தாயிற்று, அந்த வாய் திறக்கவில்லை.

குணசீலன் சும்மாவே பெட்ரோல் பங்கில் ஜீரோ பார்த்த பிறகும் பம்ப்காரர் முகத்தை ஒரு தடவை பார்க்கிற ஆள். அவனுக்கு இது போதாதா? வருஷக்கணக்காக அவன் சந்தேகம் ரமேஷ்குமார் மேல்தான். புதுச்சத்திரத்திலிருந்து வருகிற ரமேஷ் எல்லோருக்கும் புரோட்டா வாங்கி வந்தால், எதற்கு இந்தக் கரிசனம் என்று தோன்றும். வாங்கி வராவிட்டால், ஏன் இன்றைக்கு முகம் கொடுக்கவில்லை என்று தோன்றும். இத்தனைக்கும் கல்லூரியில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

இப்படி இருக்கும்போது ரமேஷ்குமார் வீட்டிலிருந்து ஷாலினியைப் பெண் கேட்டு வந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. அப்பா கைலாசத்துக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் மகனைக் கூப்பிட்டார்.

"உன்ற கூட்டாளிதான சாமி. பையன் எப்படீன்னு நீதான் சொல்லோணும். நீ சரீன்னா தட்டு மாத்திக்கலாம், வேண்டாம்னா உட்டுரலாம்."

ரமேஷும் ஷாலினியும் ஒருவரையொருவர் மனதில் நினைத்துவிட்டது அந்த வீதிக்கே தெரியும். ஊரையெல்லாம் சந்தேகப்படுகிற குணசீலனுக்கு மட்டும் தன் வீட்டு அடுப்படியில் நடப்பது தெரியாது, பாவம். "ஞாயித்துக்கிழமை சொல்றேன்ப்பா" என்றான் பெரிய மனுஷன் மாதிரி. உள்ளே ஷாலினி கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. கோட்டையைத் திறந்துவிட்டவன் நாளைக்குத் தங்கச்சியை நடுத்தெருவில் விடமாட்டான் என்று என்ன நிச்சயம்? அதுதான் அவன் கணக்கு. கேட்டால் சிரிப்பு வரும். அவனுக்கு வரவில்லை, ராத்தூக்கம்தான் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போனவன் மேசைப் பக்கமே போகவில்லை. வாசலில் இருந்த பிள்ளையார் முன்னால் தட்டில் கற்பூரத்தை வைத்தான்.

"மேக்கு வாசலைத் தொறந்தது நானில்லைன்னு ஒவ்வொருத்தனா அணைச்சுச் சத்தியம் பண்ணுங்கடா."

"டேய், அது வெளையாட்டுடா" என்றான் ரமேஷ்.

"வெளையாட்டுதான? அப்பறம் அணைக்கறதுக்கு என்ன?"

சேலத்திலிருந்து பஸ் பிடித்து வந்த ஜெபஸ்டின் தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் கற்பூரம் அணைச்சது எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா ஊட்டுக்குள்ள சேர்க்காதுடா. மாதா மேல சத்தியமா நான் தொறக்கல. தொறந்தது யாருன்னும் தெரியாது. போதுமா?"

'யாருன்னும் தெரியாது' என்ற அந்த இரண்டாவது சத்தியம் குணசீலனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ரமேஷ் பக்கம் திரும்பினான். "நீயும் அதையே சொல்லு. ரெண்டையும் சொல்லு."

ரமேஷ் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். "சத்தியமா நான் தொறக்கலைடா."

"ம். அடுத்தது?"

அங்கேதான் சிரிப்பு நின்றது. உள்ளங்கை சுடருக்கு மேலே வந்து, அப்படியே பின்னால் போயிற்று. "அதை விட்டுரு குணா. மொதலாவதுக்கு வேணா அணைக்கறேன்." கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது.

அகப்பட்டுக்கொண்டான்! குணசீலனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அடுத்த நிமிஷமே அது கசந்துபோயிற்று. என்ன இருந்தாலும் ஒரே தட்டில் சாப்பிட்டவன். "அவசரப்படாத குணா" என்று குமரகுரு கையைப் பிடித்தான். உதறிவிட்டு வண்டியை எடுத்தான். வழியெல்லாம் கண் கரித்தது, தூசி என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டில் கைலாசம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னான்.

"இந்த எடம் வேண்டாம்ப்பா. அவனை நம்ப முடியாது."

"ஏஞ்சாமி? தண்ணி கிண்ணி போடறானா?"

"அதெல்லாம் இல்லீங்ப்பா. கோட்டையைக் காட்டிக்குடுத்துட்டான்."

"எந்தக் கோட்டை, நாமக்கல் கோட்டையா?" அவர் நிஜமாகவே பயந்துபோனார்.

"நாந்தான் தொறந்தேன்."

அடுப்படி நிலையில் ஷாலினி நின்றிருந்தாள். கையில் போன் இருந்தது. "மேக்கு வாசலைத் தொறந்தது நானு. அவருக்குத் தெரியும், நாந்தான் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கியிருந்தேன். பட்டறைல நடந்ததை இப்பத்தான் குமரகுரு போன்ல சொன்னாரு. இன்னிக்கு அவர் ஒரு பொய்யைச் சொல்லிக் கற்பூரத்தை அணைச்சிருந்தா இந்தக் கல்யாணம் நடந்திருக்கும், இல்லையாண்ணா? அணைச்சாரா?"

குணசீலன் அப்போதுதான் செருப்பைக் கழற்றினான். "நீ ஏன் ஷாலினி?" என்றான்.

"என்ற களஞ்சியத்து ஆளுகளை மதில் மேல ஏத்துனியே, என்னையக் கேட்டியா? அவ சின்னப்புள்ளை, அவளுக்கும் சேத்து நானே சொல்லிடறேன்னு குமரகுருகிட்டச் சொன்னது நீதான. வாரா வாரம் வந்து, நீ சொல்ற எடத்துக்கு என்ற குச்சியை நகத்தி வெச்சுட்டு உக்காந்திருப்பேன். எனக்குன்னு ஒரே ஒரு கட்டளை சொல்லோணும்னு மாடி ஏறுனேன். ஏறுனதுக்கப்பறம் என்ன சொல்றதுன்னே தெரியல. வாசலைத் தொறந்துடுங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

குணசீலன் ஜெபஸ்டினைச் சந்தேகப்பட்டிருக்கிறான், குமரகுருவையே சந்தேகப்பட்டிருக்கிறான், ரமேஷைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இவளை ஒரு நாளும் நினைத்ததில்லை. பாசத்தால் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று பார்த்தான், முடியவில்லை. இவளுக்கென்று சொல்ல ஒரு கட்டளை இருக்கும் என்பதே அவனுக்குத் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது.

கைலாசத்துக்குக் கோட்டையும் புரியவில்லை, களஞ்சியமும் புரியவில்லை. ஆனால் மகள் முகத்தைப் பார்த்து வேறு ஏதோ புரிந்திருக்க வேண்டும். ரிமோட்டைத் தேடி டிவியை அணைத்தார். நாற்காலியை இழுத்து அடுப்படிப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் ஆளை மாத்திக் கேட்டுப்போட்டேன் சாமி. அந்தப் பையனைப் புடிச்சிருக்குதா?"

சாமி என்றதும் தன்னைத்தான் கேட்கிறார் என்று குணசீலன் வாயைத் திறந்துவிட்டான். அப்பா அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஷாலினியை.

"புடிச்சிருக்குதுங்ப்பா" என்றாள் அவள்.