பேகம் பால் குடிக்கும் வரை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செம்பூரில் என்னோடு ரயிலேறிய கோமதிநாயகம், மாலை நெரிசலில் நசுங்கிக்கொண்டே சொன்னது. அவர் வேலை பார்க்கும் இடத்தில் இரண்டு வருஷத்துக்கு முந்தி நடந்ததாம். அங்கங்கே கதையில் யாருடைய முழங்கையாவது இடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “தாயை இழந்த அந்தக் கன்றின் விழியோரம் அந்தி வானத்தின் சோகமெல்லாம் திரண்டு...”

சீ. அந்தி வானத்துக்கு வேறு வேலை இல்லையா?

பிறகு: “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டு, பம்பாய் மாநகரின் செம்பூர்ப் பகுதியில் அமைந்துள்ள...” (இது குடிநீர் நிறுத்த அறிவிப்பு மாதிரி இருக்கிறது. விட்டேன்.)

பேசாமல் மெஹராஜிடமிருந்தே தொடங்குகிறேன்.

2

மெஹராஜ் தாராவிக்காரி, பூர்வீகம் மேலப்பாளையம். முகைதீனின் தோல் பட்டறையில் பை தைத்துக்கொண்டிருந்தவள், கண் ஒத்துழைக்கவில்லை என்று செம்பூரில் ஒரு விலங்குக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மாடு, குதிரை, கால் ஒடிந்த நாய்கள் இருக்கும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். யானை வரும் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு சர்க்கஸ்காரன், நோயில் விழுந்த பெண் யானையையும் அதன் கன்றையும் கொண்டுவந்து விட்டான். தாய் பிழைக்கவில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, குட்டிக்கு மட்டும் அந்தக் கணக்கு கிடையாது போலிருக்கிறது. சர்க்கஸ் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டது. மெஹராஜ் அந்தக் குட்டிக்குப் ‘பேகம்’ என்று பேர் வைத்தாள். தாராவிச் சந்து அவளுக்கு ‘ஆனைக்கு ஆயா’ என்று பேர் வைத்தது.

பேகம் பால் குடிக்கவில்லை. கதை இவ்வளவுதான். குடித்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் இல்லை.

(இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இவள் ரொம்ப நல்லவளாக இருக்கிறாளே, நம்புவார்களா? ரயிலிலேயே கோமதிநாயகத்திடம் இதைக் கேட்டிருந்தேன். “நல்லவளா? டீ ஆறிப் போச்சுன்னா என்னைய வைவா பாருங்க, டிராம்பே வரைக்கும் கேக்கும்” என்றார். அப்பாடா. இனி தைரியமாக எழுதலாம்.)

3

காப்பகத்து டாக்டர் தம்மால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தார். “இன்னைக்குக் குடிக்கலேன்னா நாளைக்கு எழுந்து நிக்காது” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரப்பர் காம்பு மாட்டிய பாட்டிலை நீட்டும்போதெல்லாம் பேகம் துதிக்கையைத் தூக்கிக் காற்றில் துழாவியது.* ஒன்றும் அகப்படாமல் விலகிப் போனது.

(* கன்று வாயால்தான் பால் குடிக்கும், துதிக்கையால் அல்ல. குடிக்கும்போது துதிக்கையைத் தாய் வயிற்றின்மேல் சாய்த்துக்கொள்ளும். என் முதல் படியில் அது துதிக்கையாலேயே உறிஞ்சிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லாதீர்கள்.)

“அதுக்கு உம்மா வயிறு வேணும் அண்ணாச்சி. சாஞ்சுக்கிட எதாவது வேணும்” என்றாள் மெஹராஜ், கோமதிநாயகத்திடம்.

உடனே தாராவிக்கு ஓடினாள். முகைதீன் பட்டறையிலேயே நயமான எருமைத் தோலை உருவிக் கொடுத்தார். “ஆனைத் தோலுக்கு இதான் கிட்ட வரும். கொண்டு போ தாயி.” அதைக் கொட்டடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். பேகம் வந்தது, துதிக்கையை வைத்தது. அடுத்த நொடி அலறிக்கொண்டு ஓடிப்போய் எதிர்ச்சுவரில் மோதியது. அதற்குப் பிறகு மெஹராஜையே கிட்டத்தில் விடவில்லை.

தாராவித் தோல்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது. நாளெல்லாம் அந்த வாடையிலேயே புழங்குகிறவர்களுக்கு அது வாடையாகவே தெரியாது. பேகத்துக்கு அது செத்த மிருகம். அந்த வாடை மெஹராஜின் கையெல்லாம் இருந்தது.

“நானே கொன்னுட்டேன் அண்ணாச்சி.” உட்கார்ந்து அழுதாள்.

“அழுதா பால் எறங்குமா? எந்திரி தங்கச்சி.”

4

தாய் யானை கடைசியாகப் படுத்திருந்த சாக்குகள் பின்பக்கம் எரிப்பதற்காகக் குவிந்து கிடந்தன. மெஹராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவற்றை இழுத்து வந்தாள். ஒன்றோடொன்று சேர்த்து, யானை வயிறு அகலத்துக்குத் தைத்தாள். தோலை அவிழ்த்த கயிற்றில் அதைத் தொங்கவிட்டாள். மிச்சச் சாக்கை முழங்கை வரை சுற்றிக்கொண்டு பின்னால் போய்க் குந்தி, அடியில் பாட்டிலை நீட்டினாள்.

(இங்கே அவள் மனத்துக்குள் புகுந்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். கால் மரத்துப்போனதைத் தவிர அவளுக்கு அப்போது வேறெதுவும் தோன்றியிருக்காது.)

துதிக்கை வந்தது. சாக்கை மேலிருந்து கீழாக முகர்ந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு அப்படியே சாய்ந்துகொண்டது. பாட்டில் வெடுக்கென்று இழுபட்டது.

“குடிக்குது அண்ணாச்சி” என்றாள் மெஹராஜ்.

பாட்டில் காலியானதும் பேகம் சாக்கோடு சேர்த்து ஒரு முட்டு முட்டியது. மெஹராஜ் சேற்றில் மல்லாந்து விழுந்தாள். கோமதிநாயகம் பதறிக்கொண்டு வந்தார்.

“என்னையத் தூக்க வேண்டாம். அடுத்த பாட்டிலக் கொண்டாங்க. மவராசி கேக்கா.”

ஜெயித்துவிட்டாள். இந்த வார்த்தையை எழுத எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

5

பத்திரிகை ஆசிரியருக்குச் சோகம்தான் பிடிக்கும். “மறுநாள் காலை கொட்டடியைத் திறந்தபோது பேகம்...”

மாட்டேன். வேறு ஆளைப் பாருங்கள்.

“அஸ்ஸாம் காட்டில், தன் இனத்தோடு...” (நான் பம்பாய் எல்லையிலிருக்கும் முலுண்டைத் தாண்டியதில்லை.)

“தாராவி வழியே பேண்டு வாத்தியத்தோடு பேகம் ஊர்வலம் வந்தபோது, முகைதீன்...” (ஆசையாகத்தான் இருக்கிறது. போலீஸ் விடாது.)

நடந்தது என்னவென்றால், அடுத்த பாட்டில் வருவதற்குள் குர்லா வந்துவிட்டது. கோமதிநாயகம் இறங்கிவிட்டார். ரயில் நகர்ந்தபோது ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக் கத்தினேன்:

“இப்போ பேகம் எப்படி இருக்கு?”

அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. அவர் கையை இடுப்பளவில் காட்டினார், அன்றைக்கு இவ்வளவு என்று. பிறகு கை உயர்ந்தது. மார்பு, தோள், நெற்றி. மனுஷர் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றார். கூட்டம் அவரை மறைத்தது. கை மட்டும் தெரிந்தது, இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது. பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

எங்கே நின்றது என்று எனக்குத் தெரியாது. உங்கள் கையைத் தூக்கிப் பாருங்கள்.