சுண்ணாம்புப் படையின் ராசிக்காரி

...அந்தப் பையை யார் அங்கே வைத்தது, வேண்டுமென்றே வைத்ததா, இல்லை கை வலித்து எங்காவது இறக்கினால் போதும் என்று வைத்ததா, பெரம்பலூரில் டீ குடித்துவிட்டு வந்து ஏறும்போது டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் மேளப்பை உட்கார்ந்திருந்தது, வேனில் இருந்த ஒருவரும் அதை எடுக்கவில்லை, செங்கமலமும் எடுக்கச் சொல்லவில்லை, நேராகப் பின்னால் போய் அண்டாக்களும் கேஸ் அடுப்பும் அடுக்கியிருந்த கடைசி வரிசையில் ஜன்னலோரமாக ஒடுங்கிக்கொண்டாள். வேன் டவுனைத் தாண்டி அரியலூர் ரோட்டைப் பிடித்துவிட்டது. அந்த முன்சீட்டு அவளுடையது, அவள் கேட்டு வாங்கியதில்லை, பசங்களாகக் கொடுத்தது, மேட்சுக்குப் போகும்போதும் வரும்போதும் அக்கா முன்னால்தான் உட்கார வேண்டும் என்று சட்டம் போட்டவர்களே அவர்கள்தான். நேற்று சாயங்காலம் பெங்களூரில் அவர்களுடைய டீம் நாலு கோல் வாங்கித் தோற்றதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஜெயித்து வந்த நாட்களில் இந்நேரம் வேன் கூரை பிய்ந்துபோகும், தமிழரசன் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு அடி அடியென்று அடிப்பான், இப்போது வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான், தூங்குகிறானா, இல்லை அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறானா... காலையிலிருந்து ஒரு பயல்கூட டீ குடித்தீர்களா அக்கா என்று கேட்கவில்லை. கேட்காவிட்டால் போகிறது, அவள் என்ன சின்னப் பிள்ளையா, ஆனால் கேட்கவில்லையே கேட்கவில்லையே என்று மனசு ஏன் அதையே சுற்றிச்சுற்றி வருகிறது?

கால்பந்து விளையாட்டைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும், எந்தப் பக்கத்து வலை நம்முடையது என்பதே இரண்டாவது மேட்சில்தான் புரிந்தது. சிமெண்ட் ஆலை கேட்டுக்கு எதிரே அவள் சமைக்கிற மெஸ்ஸில் ராஜதுரை மதியச் சாப்பாட்டுக்கு வருவான், ஆலையில் வெல்டிங் வேலை, அது பகலுக்கு, மற்றபடி அவனுக்கு உயிர் அரியலூர் டீம்தான், டீம் எந்த ஊருக்கு ஆடப் போனாலும் வேன் பிடித்து ஆள் சேர்த்துக்கொண்டு பின்னாலேயே போவான், சுண்ணாம்புப் படை என்று பெயர், எல்லோருக்கும் வெள்ளை பனியன், மூஞ்சியெல்லாம் வெள்ளைப் பவுடர். வெளியூரில் ஓட்டல் சாப்பாடு பசங்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை, சமைக்க வர முடியுமா என்று ஒருநாள் கேட்டான், போனாள், தூத்துக்குடி. மைதானத்துக்கு வெளியே புளிசாதம் கிளறி இறக்கிவிட்டு, அடுப்புச் சூடு தாங்காமல் உள்ளே வந்து நின்றாள், நின்ற நேரத்தில் கோல் விழுந்தது. அப்புறம் குன்னூர், அங்கேயும் ஜெயித்தார்கள். காரைக்காலுக்குக் காய்ச்சலில் போகவில்லை, தோற்றார்கள். அவ்வளவுதான், அக்கா ராசி, அக்கா இல்லாமல் வண்டி கிளம்பாது, வண்டி கிளம்பும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதுகூட அவள் கையால்தான் என்று ஆகிவிட்டது. முதல் தடவை பழத்தை நீட்டியபோது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வேண்டாம்ப்பா, நான் வைக்கக் கூடாது, என்றாள். ஏன் என்று ராஜதுரை கேட்கவில்லை, அவனுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்தும் கேட்காமல் கையைப் பிடித்து வைக்கவைத்தான்... அன்றைக்கு வேனில் அவள் அழுதது வெயிலுக்குப் போட்டிருந்த முக்காட்டுக்குள்ளேயே போய்விட்டது. புருஷன் முருகையன் போன பிறகு எதிரே வந்தால் ஒதுங்கிப் போகிறவர்களைத்தான் அவள் பார்த்திருந்தாள், கல்யாண வீட்டில் அவள் வைத்த சாம்பார் வேண்டும், தாலி கட்டுகிற நேரத்துக்கு அவள் முகம் வேண்டாம். ராசியில்லாதவளுக்கு இத்தனை பேர் ராசிக்காரி என்று பெயர் வைத்தால் வேண்டாம் என்றா சொல்லுவாள்?

ரோட்டோரம் மக்காச்சோளத்தைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள், ஒரு பக்க ரோடே மஞ்சளாகக் கிடந்தது, வேன் ஒதுங்கி ஒதுங்கிப் போனது. இந்நேரம் கலையரசி எழுந்திருப்பாள். எழுந்து குளித்திருப்பாள், கையை அசைத்தால் வளையல் சத்தம் போடும்... நேற்றுதான் விக்கிரமங்கலத்தில் அவளுக்கு வளைகாப்பு. பெற்ற ஒரே மகளுக்கு வளைகாப்பு நடக்கிறபோது அம்மாக்காரி பெங்களூரில் நின்றுகொண்டிருந்தாள், கேட்டவர்களிடம் எல்லாம் என்ன சொன்னாள், பசங்க விட மாட்டேங்கிறாங்க, முன்னாலேயே ஒத்துக்கொண்டது, நான் போகாவிட்டால் தோற்றுவிடுவார்கள் என்று. அது பொய்யும் இல்லை. ராஜதுரை மூன்று தடவை வீட்டுக்கு வந்தான். ஆனால் மூன்றாவது தடவை அவன் வருகிற பைக் சத்தம் கேட்டபோது அவளுக்கு நிம்மதியாக இருந்ததே, அது எதற்கு? சம்பந்தி செல்வம்மாள் கெட்டவள் இல்லை, தன்மையாகத்தான் சொன்னாள், அண்ணி தப்பா எடுத்துக்காதீங்க, மணைகிட்ட மட்டும் வராம உள்ள இருந்து பாத்துக்குங்க என்று. கலையரசிதான் பிடிவாதம், நீதான் மொத வளையல் போடணும், நீ போடலன்னா நான் மணையில உக்கார மாட்டேன் என்று போனில் சண்டை. உள்ளே நின்றால் மகளுக்குக் கோபம், மணைக்கு வந்தால் ஊருக்குக் கோபம். ஊர் கிடக்கட்டும், அவளுக்கே பயம், அதுதான் நிஜம், தன் கையால் வளையல் போட்டு நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்று என்றால்... சொல்ல மாட்டார்கள், செல்வம்மாள் வாயால் ஒரு வார்த்தை வராது, ஆனால் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் எலுமிச்சம்பழம் வைக்க ஓடினாளா? வளைகாப்பு முடிந்து மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர ஆள் இல்லை, பிள்ளை அங்கேயே தங்கிவிட்டது. காலையில் போன் போட்டபோது செல்வம்மாள்தான் எடுத்தாள், அது தூங்குது அண்ணி என்றாள். வளைகாப்புக்கு மறுநாள் விடிந்த பிறகும் தூங்குகிற பெண்ணா கலையரசி?

நேற்று மேட்ச் இடைவேளையில் போனுக்கு வளைகாப்புப் போட்டோ வந்தது. அதுவரை நம் டீம் ஒரு கோல் முன்னால், பசங்க அவளைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள், எதிர்ப் பக்கம் அத்தனை ஆயிரம் பேர், இந்தப் பக்கம் வேலி போட்ட ஒரு மூலையில் இவர்கள் மட்டும், போலீஸ் வேறு சுற்றி நின்றது, தண்ணீர் குடிக்க வெளியே போவதற்குக்கூடக் கேட்க வேண்டும். போட்டோவில் கலையரசி மணையில்தான் உட்கார்ந்திருந்தாள், கை நிறைய வளையல், கன்னத்தில் சந்தனம், கண் மட்டும் போட்டோ எடுப்பவரைப் பார்க்காமல் வாசல் பக்கம் பார்த்தது. உட்கார மாட்டேன் என்றவள் உட்கார்ந்துவிட்டாள். பிடித்து உட்கார வைத்திருப்பார்கள். செங்கமலம் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள், இந்த வேலி, இந்த மேளம், இந்தப் பவுடர் மூஞ்சிகள், நான் எதற்கு இங்கே, தோற்றுத் தொலையட்டும், தோற்றால்தான் என்னை விடுவார்கள், ஒரு தடவை தோற்றால் போதும்... வாய்விட்டுச் சொல்லவில்லை, உதடுகூட அசையவில்லை. நினைத்த கொஞ்ச நேரத்தில் முதல் கோல் வாங்கினார்கள். அப்புறம் வரிசையாக. நாலாவது விழுந்தபோது தமிழரசன் மேளத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு எப்படித் தெரியும்? யாருக்கும் எதுவும் தெரியாது, பையன் கால் வழுக்கினான், கோல்கீப்பர் முன்னால் ஏறி நின்றான், எல்லோரும் பார்த்ததுதானே... ஆனாலும் அவன் பார்த்தானே.

பேரளி தாண்டியதும் வேன் நின்றுவிட்டது. முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன, எங்கோ ஒன்று அச்சு முறிந்து ரோட்டை அடைத்துக்கொண்டதாம், டிரைவர் சாமிதுரை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், இப்போதைக்கு நகராது என்று எஞ்சினை அணைத்தார். ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் வேர்வை நாற்றம். இறங்கி நடந்துவிடலாமா, அண்டாக்களை விட்டுவிட்டு, பின்னால் வருகிற டவுன் பஸ்ஸும் இதே வரிசையில்தானே நிற்கும்... அப்போது ராஜதுரை சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்து, கவிழ்த்து வைத்த அண்டா மேல் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். கழுத்தில் பவுடர் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. திட்டப் போகிறான், இல்லை இனி வர வேண்டாம் என்று சொல்லப் போகிறான், சொல்லட்டும், அதற்குத்தானே ஆசைப்பட்டாள், சொன்னால் சரிப்பா என்று சொல்லிவிட்டு நேராக விக்கிரமங்கலம் போக வேண்டியதுதான்.

"பசங்க மொகத்த தூக்கி வச்சிருக்கானுவ, அத மனசுல வச்சுக்காதீங்கக்கா," என்றான். "உங்க மேல தப்பு இல்ல. பாப்பாவுக்கு விசேஷம் இருந்த அன்னைக்குப் புடிச்சு இழுத்துட்டுப் போனது நாந்தான். உங்க மனசு நேத்து அங்க இல்லக்கா. அதான் வழுக்கிருச்சு."

நேற்று அவள் உள்ளுக்குள் நினைத்தது இவனுக்கும் தெரிந்துவிட்டதா? அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான், மாசி கடைசியில் லீக் ஆரம்பம், முதல் மேட்சே காரைக்கால், போன தடவை அவள் இல்லாமல் தோற்ற ஊர், அங்கே இந்தத் தடவை விட்டால் பசங்க தாங்க மாட்டார்கள், போன காலோடு திரும்பிவிடலாம் என்று. மாசி கடைசிதான் கலையரசிக்கும் டாக்டர் சொன்ன தேதி. தோற்றாலும் விட மாட்டார்களா, ஜெயித்தால் அவள் இருந்தது, தோற்றால் அவள் மனசு இல்லாதது, இதிலிருந்து எந்தப் பக்கமாக வெளியே வருவது? அப்படியெல்லாம் ஒன்றும் இல்லப்பா, பந்து போன வழி போகுது, அதுக்கு நான் என்ன பண்ணுவேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வார்த்தை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. கேட்டதில்லை, அவளே சொன்னதுதான், முருகையனைக் குவாரியிலிருந்து தூக்கிவந்த அன்றைக்கு, கலையரசியை மடியில் போட்டுக்கொண்டு மாமியாரிடம் சொன்னது, லாரி பிரேக் புடிக்கல, அதுக்கு நான் என்ன பண்ணுவேன். இத்தனை வருஷமாக அதைத்தானே பிடித்துக்கொண்டு எழுந்து நடமாடினாள், யார் என்ன பார்வை பார்த்தாலும் உள்ளுக்குள் பிரேக், பிரேக் என்று சொல்லிக்கொண்டு... அப்படியானால் தூத்துக்குடியில் கோல் விழுந்தபோது ஏன் அதைச் சொல்லவில்லை? பையன் நன்றாக அடித்தான், அதற்கு நான் என்ன பண்ணுவேன் என்று குன்னூரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சிரித்துக்கொண்டு நின்றாளே, எலுமிச்சம்பழத்துக்குக் கையை நீட்டினாளே. இது அவளால் என்றால் அதுவும்... நேற்று நினைத்தாள், நினைத்தது நடந்தது. அன்றைக்குக் காலையில் முருகையன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினபோது என்ன நினைத்துக்கொண்டிருந்தாள்? ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் அந்தக் காலை மட்டும் வெறுமையாக இருந்தது.

முன்னால் லாரிகள் உறுமின. சாமிதுரை எஞ்சினைப் போட்டார். ராஜதுரை இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னக்கா, வந்துருவீங்கல்ல?" வேன் ரோட்டோரப் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி ஏறியது, அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதின, அவள் தலையும் முன்னால் போய் ஆடி நின்றது. "அது போதும்க்கா," என்று அவன் எழுந்து முன்னால் போனான், போகிற போக்கில் தமிழரசன் தோளில் தட்டி ஏதோ சொன்னான், தமிழரசன் கண் திறந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தான். தலை வண்டி குலுங்கினதில் ஆடியதா, இல்லை அவளே ஆட்டினாளா, அது அவளுக்கே பிடிபடவில்லை. கூப்பிட்டுச் சொல்லலாம், ராஜதுரை, இங்க வாப்பா, நான் சரின்னு சொல்லலப்பா என்று. சரிந்த அண்டாவைப் பிடித்து நிமிர்த்தி வைத்தாள். புழுதிக்குள்ளே லாரிகள் ஒவ்வொன்றாக நகர, வேனும் அவற்றின் பின்னால் அரியலூரைப் பார்த்து நகர்ந்தது.