பாயசத்துக்குப் பிறகு

டார்ம்ஸ்டாட் என்ற ஜெர்மன் ஊரில், மாணவர் விடுதியின் மூன்றாம் மாடிச் சமையலறை, ஞாயிறு மதியம் மட்டும் தமிழர்களுக்கு. கடுகு தாளிக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், போகும்போது அடுப்பைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும் என்பவை விடுதிக் காப்பாளர் அம்மாளின் நிபந்தனைகள். குருமூர்த்தி தம் பங்குக்குச் சிலவற்றைச் சேர்த்திருந்தார். பாலங்களைப் பற்றி ஆராய வந்து, ஆராய்ச்சி முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டவர் அவர்.

சாப்பிடும்போது ஒரு வாதம் நடக்க வேண்டும். யார் எந்தக் கட்சி என்பதைத் தீக்குச்சி சொல்லும். தலையுள்ள குச்சி வந்தால் ஆதரவு, தலை கிள்ளிய குச்சி வந்தால் எதிர்ப்பு. எது வந்தாலும் உயிரைக் கொடுத்துப் பேச வேண்டும். சொந்தக் கருத்து என்ன என்பதைப் பாயசம் குடித்த பிறகுதான் சொல்லலாம்.

கோபாலனுக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடிக்கும். உலோகவியலில் அவன் ஆய்வேடு எழுதி முடித்துவிட்டான்; அது தட்டச்சுக்கும் போய்விட்டது. வசந்தத்தில் வாய்மொழித் தேர்வு. இடையில் ஒரே ஒரு முள். டிசம்பரில் அவனுடைய பாஸ்போர்ட் காலாவதியாகிறது. அதைப் புதுப்பித்தால்தான் இங்கே தங்கும் அனுமதியை நீட்டிப்பார்கள். இல்லாவிட்டால் தேர்வுக்கு முன்பே பெட்டி கட்ட வேண்டியதுதான்.

எழுபத்தைந்து அக்டோபரில் ஒரு ஞாயிறு வாசுதேவன் விருந்துக்கு வந்தார். பாஸ்போர்ட் புதுப்பிக்கும் நம் நாட்டு அலுவலகத்தில் அதிகாரி. ரயிலில் பழக்கமானவரைக் குருமூர்த்திதான் அழைத்திருந்தார்.

"சாம்பார் வாசனை படிக்கட்டு வரைக்கும் வருதே!" என்று கோட்டைக் கழற்றிக்கொண்டே உட்கார்ந்தார்.

"புளி கிடையாது சார். எலுமிச்சம்பழம்தான். கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க" என்றாள் கிரிஜா. உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்யும் திருச்சிப் பெண்.

அன்றைய தலைப்பு: நெருக்கடி நிலை நாட்டுக்கு நன்மையா? வாசுதேவன் வருவதற்கு முன்பே குச்சி எடுத்தாகிவிட்டது. தலையுள்ள குச்சி கிரிஜாவுக்கு வந்திருந்தது. தலை கிள்ளிய குச்சி கோபாலனுக்கு.

கிரிஜா வெளுத்து வாங்கினாள். "கிளாஸ்ல வாத்தியார் இல்லேன்னா என்ன ஆகும்? அதான் இத்தனை வருஷம் ஆச்சு. இப்பத்தான் ஒருத்தர் பிரம்பை எடுத்திருக்காங்க. அதுக்குள்ள அழுதா எப்படி, கோபாலன்?" வாசுதேவன் கைதட்டினார்.

கோபாலன் சும்மா இருப்பானா? "பேப்பர்ல வெள்ளைக் கட்டம் விட்டுட்டு, கோர்ட்டு வாயை அடைச்சுட்டு, ரயில் நேரத்துக்கு வருது, கைதட்டுங்கன்னா எப்படிங்க? ரயில் யாரை ஏத்திக்கிட்டு எங்க போகுதுன்னு கேக்க வேண்டாமா? இந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு அதைக்கூடக் கேக்கலைன்னா நாம படிச்சு என்ன பிரயோஜனம்?"

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. வாசுதேவன் ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "நல்லாப் பேசறீங்க, மிஸ்டர் கோபாலன்" என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார்.

"பாயசம் இருக்கு சார்" என்று கோபாலன் வாசல் வரை ஓடினான். "முக்கியமே அதுதான்."

"ட்ரெய்ன் போயிடும். இன்னொரு நாள்."

அவர் போன பிறகு, டப்பாப் பாலில் வெந்த சேமியாப் பாயசத்தைக் கிரிஜா ஊற்றினாள். கோபாலன் முதலில் குடித்து முடித்தான்.

"உள்ளதைச் சொல்றேன். நான் டெல்லி சர்க்கார் பக்கம்தான். ஆபீஸ்ல பத்து மணிக்கே ஆள் இருக்காங்களாம், அண்ணன் எழுதியிருக்கான். நல்லதுதானே?"

கிரிஜா தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் தம்பியைக் காலேஜ் வாசல்லேர்ந்து கூட்டிட்டுப் போனாங்க. எங்க வெச்சிருக்காங்கன்னு இன்னும் தெரியலை. அப்பா கவர்ன்மென்ட் உத்தியோகம், விசாரிக்கக்கூட பயப்படறார். நான் இன்னிக்கு எந்த நாக்கால பேசினேன்னு எனக்கே தெரியலை."



நவம்பரில் குருமூர்த்தியின் பாஸ்போர்ட் புதுப்பித்து வந்துவிட்டது. கோபாலனுக்கு மட்டும் நேரில் வரச் சொல்லி ஓலை.

"போய் உள்ளதைச் சொல்லுய்யா" என்றார் குருமூர்த்தி. "குச்சியைச் சொல்லு, பாயசத்தைச் சொல்லு. மனுஷன் சிரிச்சுட்டு முத்திரை குத்திடுவார்."

வாசுதேவன் சிரிக்கத்தான் செய்தார். கோபாலன் தீக்குச்சி வழக்கத்தை விளக்கி, தான் உண்மையில் டெல்லி பக்கம் என்று முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். காபி வரவழைத்தார். பாஸ்போர்ட்டையும் மேஜை மேல் எடுத்து வைத்தார்.

"ஸோ, எதிர்த்துப் பேசினது உங்க ஒபீனியன் இல்லை."

"இல்லவே இல்லை சார்."

"பாயசத்துக்கு அப்புறம் சொல்றதுதான் நிஜம்."

"ஆமா சார்."

"அப்படின்னா, அன்னிக்கு அந்த அம்மா ரொம்ப ஆதரவாப் பேசினாங்களே, திருச்சிக்காரங்க. பாயசத்துக்கு அப்புறம் அவங்க என்ன சொன்னாங்க?"

வாசுதேவன் பேனாவின் மூடியைத் திருகிக் கழற்றினார். அவசரமே இல்லை அவருக்கு. கிரிஜாவின் அப்பாவை யோசித்தான் கோபாலன். எங்கே இருக்கிறான் என்றே தெரியாத அந்தத் தம்பியை யோசித்தான். இரண்டு வார்த்தை போதும், பாஸ்போர்ட் கைக்கு வந்துவிடும். ஒன்றும் நினைவில்லை என்றால் அதுவே பதிலாகிவிடும். அவள் டெல்லி பக்கம்தான் என்று சொல்லலாம். ஆனால் இவர் அடுத்து குருமூர்த்தியைக் கூப்பிட்டுக் கேட்பார். அந்த மனிதருக்குப் பொய் வராது.

"மன்னிக்கணும் சார்" என்றான். "அப்படி ஒரு வழக்கமே கிடையாது. தப்பிக்கிறதுக்காகச் சொன்னேன். குச்சியும் இல்லை, ஒண்ணும் இல்லை. அன்னிக்கு அவங்கவங்க மனசுல இருந்ததைத்தான் பேசினோம்."

"அப்போ நீங்க பேசினது?"

"என் கருத்துதான்."

"யோசிச்சுச் சொல்றீங்களா?"

"யோசிச்சுத்தான் சார்."

வாசுதேவன் பேனாவை மூடினார். பாஸ்போர்ட் மேஜை இழுப்பறைக்குள் போயிற்று. "டெல்லிக்கு எழுதிக் கேக்கறேன்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

அடுத்த ஞாயிறு சாம்பாரை ஊற்றிக்கொண்டே கிரிஜா கேட்டாள். "என்ன கேட்டாங்க?"

"விருந்தைப் பத்தித்தான்."

"என் பேரு வந்துதா?"

"இல்லை."

"அப்ப பாஸ்போர்ட் வந்துடும், கவலைப்படாதேய்யா" என்று குருமூர்த்தி தீப்பெட்டியை எடுத்தார். அன்றைக்கு வாதம் வேண்டாம் என்றான் கோபாலன். தீப்பெட்டி சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது.

பாயசம் முடிந்தது. வழக்கத்தை விடாமல் குருமூர்த்தி கேட்டார். "சரி, வாதம்தான் இல்லை. மனசுல உள்ளதையாவது சொல்லு."

கோபாலன் டம்ளரைக் கீழே வைத்தான். "அன்னிக்குப் பேசினதுதான். ரயில் எங்க போகுதுன்னு கேக்கணும்."

"கட்சி மாறிட்டியாய்யா!" என்று குருமூர்த்தி சிரித்தார். கிரிஜா சிரிக்கவில்லை. கோபாலனையே பார்த்துக்கொண்டிருந்தவள், பாத்திரங்களை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பிவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

டெல்லியிலிருந்து பதில் வந்தது. பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக, ஊருக்குத் திரும்ப மட்டும் செல்லுபடியாகும் ஒருவழித் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அவன் விமானம் ஏறிய அன்று, ஆய்வேடு இன்னும் பைண்டிங்கிலிருந்து வந்திருக்கவில்லை.